பாசிக்காட்டுக் கதவுகள்

சின்னவளை அந்த நிறுவனத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததே பெரியவள்தான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்ள வேண்டும்போல அவளுக்கு இருக்கும்.

பெரியவள், சின்னவள் என்பது மாமியார் கூப்பிடும் பெயர். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் ஒருத்தி, தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் ஒருத்தி. குடித்தனம் தனித்தனி. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மாமியார் வீட்டு மேஜையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மாமியார் பேச்சை எடுத்தாள். “சின்னவ வீட்டுல சும்மாதானே இருக்கா. உன் ஆபீஸ்ல ஏதாவது பாத்துக் குடேன்.” பெரியவளுக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வேலை வாங்கிக் கொடுக்கும் இடத்தில் அல்லவா இருக்கிறாள்.

குழந்தைகளுக்கான வீடியோ கேம் செய்யும் சின்ன நிறுவனம் அது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பல் டாக்டர் இருந்ததால் படிக்கட்டு முழுக்க கிராம்பு நெடி அடிக்கும். மாடியில் நீளமான ஒரே மேஜை. அதைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் செய்யும் கேம்களில் யாரும் சாக மாட்டார்கள். தோற்கக்கூட மாட்டார்கள். உச்சியிலிருந்து விழுந்தாலும் பஞ்சுமூட்டைபோலத் துள்ளி எழுந்துகொள்வார்கள். ‘அம்மா பக்கத்தில் இல்லாமலே குழந்தை விளையாடலாம்’ என்பது முதலாளி பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வாசகம். பெரியவள் அங்கே தலைமை ஓவியர். முதல் கேமிலிருந்து எல்லாவற்றுக்கும் படம் அவள் கைதான்.

சின்னவளுக்குக் கொடுத்தது துக்கடா வேலை. கேமில் ஏதாவது ஒரு பொருளைத் தொட்டால் கீழே ஒரு வரி தோன்றுமே, அதை எழுதுவது. ‘இது காளான். மழை வந்தால் குடை’ என்பதுபோல. அவளும் காலை மடித்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பென்சிலைக் கடித்தபடி, காளானுக்கும் கல்லுக்கும் வரி எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போது செய்துகொண்டிருந்த கேமின் பெயர் ‘பாசிக்காடு’. ஒரு முள்ளெலி காட்டைப் பெருக்கி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, தோழர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. பெரியவள் அந்தப் பாசியின் மேல் உயிரையே வைத்திருந்தாள். வெயில் பட்ட பாசி, நிழல் விழுந்த பாசி, மழை விட்ட பிறகு மூச்சு விடுகிற பாசி என்று பச்சையிலேயே எத்தனையோ பச்சை கலந்து கலந்து, கனவில்கூடப் பச்சையாக வந்தது அவளுக்கு. காட்டின் நடுவில் ஒரு பெரிய மரம். மரத்தின் அடியைச் சுற்றி ஐந்து குட்டிக் கதவுகள்: நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை, வெள்ளை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் வைப்பதாகத் திட்டம். ஆனால் பள்ளி விடுமுறைக்குள் கேம் வெளிவந்தாக வேண்டும் என்று முதலாளி கழுத்தில் கத்தி வைத்தார்.

“கதவு இருக்கட்டும், குடும்பத்த அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

பெரியவள் சின்னவளிடம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். “அந்தக் கதவுகளுக்கும் ஏதாவது எழுதிடு. ‘பூட்டியிருக்கிறது’ன்னு போட்டாப் போதும்.”

சின்னவள் அதை மட்டும் போடவில்லை. நீலக் கதவைத் தொட்டால், ‘இதை அடிக்கடி துடைக்கிறோம். உள்ளே யாரும் இல்லை. இருந்தாலும்.’ மஞ்சள் கதவுக்கு, ‘மெதுவாகத் தட்டு. இவர்கள் சீக்கிரம் தூங்குகிறவர்களாக இருந்தார்கள்.’ சிவப்புக் கதவுக்கு, ‘பனிக்கு முன்னால் இங்கே பாட்டுச் சத்தம் கேட்கும்.’ வாசலில் செருப்பு கிடக்கும் பச்சைக் கதவுக்கு, ‘இந்தச் செருப்பு யாருக்கும் பத்தவில்லை. வாசலிலேயே இருக்கட்டும்.’ வெள்ளைக் கதவுக்கு வரியே கிடையாது. தட்டினால் முள்ளெலி சற்றுத் தலையைக் குனிந்து நின்றுவிட்டுத் திரும்பி நடக்கும்; அவ்வளவுதான். அதற்குக் கணினிக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள். எல்லாவற்றையும் பெரியவளிடம்தான் காட்டினாள். பெரியவள் ஒரு கண்ணைத் தான் வரைந்துகொண்டிருந்த நத்தையின் ஓட்டில் வைத்துக்கொண்டு, “ம், போடு” என்றாள்.

கேம் வெளிவந்தது. குழந்தைகள் பெருக்கினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்த பெரியவர்கள் கதவுகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

யாரோ ஒரு தாய் முதலில் எழுதினாள்: ‘என் மகனுக்குத் தெரியாமல் குளியலறையில் போய் அழுதேன்.’ அதன்பிறகு நிற்கவே இல்லை. ஐந்து குடும்பமும் ஒரே பனிக்காலத்தில் போய்விட்டது என்றார்கள். பனியா, நோயா என்று சண்டை போட்டார்கள். முள்ளெலி ஒன்றுதான் பிழைத்தது, தான் மட்டும் மிஞ்சியது பொறுக்காமல்தான் ஊரைத் துடைத்துத் துடைத்து வைக்கிறது என்றார்கள். குழந்தைகள் கேமுக்குள் இத்தனை பெரிய சாவை எவ்வளவு பூப்போல வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்றார்கள். வரிகளை எழுதியது யார் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். சின்னவள் ஒரே வாரத்தில் ஊர் அறிந்த எழுத்தாளர் ஆகிப்போனாள்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரிகிறது என்று ஒப்புக்கொள்ளவும் முடியாத எரிச்சல் அது. ஏனென்றால் கேம் ஓடினால் எல்லாருக்கும் நல்லதுதானே. அவள் கணவன் காலையில் பல் தேய்த்துக்கொண்டே விமர்சனங்களைச் சத்தமாகப் படித்தான். “இதக் கேளேன், ‘இருந்தாலும் என்கிற ஒரே வார்த்தையில் ஒரு வாழ்க்கை’யாம்! நம்ம சின்னவளா இதெல்லாம்?” வாயில் நுரையோடு சிரித்தான். கீழ்த்தளத்துப் பல் டாக்டர்கூடப் படிக்கட்டில் நிறுத்தி, “கதவு எழுதினது உங்க ஓரகத்தியாமே?” என்று விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை மாமியார் தொலைபேசியில் உறவுக்காரர்களிடம் சொல்வது சமையலறை வரை கேட்டது. “அமைதியா இருப்பா, ஆனா உள்ளுக்குள்ள எவ்வளவு வச்சிருக்கா பாருங்க!”

யாரும் பார்க்காதபோது பெரியவள் எல்லா விமர்சனங்களையும் எடுத்துத் தன்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடுவாள். ஒரு நீண்ட கட்டுரையின் கடைசியில் கிடைத்தது: ‘அழகான படங்களும் உண்டு.’ உண்டாம்! கறிவேப்பிலை மாதிரி. பாசியைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்திருப்பாள். அவள் மகள் சிட்டுதான் பொறுக்க விடவில்லை. சிட்டு இரண்டாம் வகுப்பு. பள்ளியிலிருந்து வந்ததும் பையைக் கழற்றக்கூட மாட்டாள்; பாசிக்காட்டைத் திறந்து, ஐந்து கதவுகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஒருநாள் பெரியவள் பால் கொண்டுபோய் வைத்தபோது திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“அம்மா, மஞ்சள் வீட்டுல யாரும்மா இருந்தாங்க?”

“யாரும் இல்லடி.”

“இப்ப இல்ல. முன்னாடி.”

“முன்னாடியும் இல்ல. எனக்கு வரைய நேரமில்ல, அதான் காலியா விட்டேன். கதவு மட்டும்தான் இருக்கு. பின்னாடி ஒண்ணுமே கிடையாது.”

சிட்டு முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். பரிதாபப்படுகிற பார்வை. “உனக்குத் தெரியலன்னா பரவால்லம்மா. நான் சித்தியக் கேட்டுக்கறேன்.”

பெரியவள் சமையலறைக்குத் திரும்பிப் போனாள். சிட்டுவின் முதல் படப் புத்தகத்தை அவள்தான் கைப்பட வரைந்து தைத்துக் கொடுத்திருந்தாள். பல் விழுந்த சிரிப்பு, கொட்டாவி விடும் பூனை, எல்லாம் அவளே. அதெல்லாம் ஒரு வாய்ப் பாலோடு போய்விட்டதுபோல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தாடிக்காரன் வந்தான். குழந்தைகள் கேம்களுக்குள் ஒளிந்திருக்கும் இருண்ட விஷயங்களைத் தோண்டி எடுத்து வீடியோ போடுகிறவன் அவன். பொம்மைக் கடை கேமில் பழைய பொம்மைகள் எங்கே போகின்றன, மீன்குஞ்சு கேமில் கப்பல் ஏன் தலைகீழாகக் கிடக்கிறது என்றெல்லாம் கேட்டே பேர் வாங்கியவன். சின்னவளைப் பேட்டி எடுக்க வந்தான். அன்றைக்குப் பார்த்து அவளுக்குக் காய்ச்சல். முதலாளி பெரியவளை உட்கார வைத்தார்.

முகத்தில் விளக்கு அடித்தார்கள். தாடிக்காரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அந்த அஞ்சு கதவு. அதுக்குப் பின்னாடி யாரோட துக்கம் இருக்கு? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

பெரியவள் சிரித்தாள். எத்தனையோ நாளாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது தானாக வெளியே வந்தது.

“துக்கமா? ஒரு மண்ணும் இல்லைங்க. அஞ்சு குடும்பம் வரையறதா இருந்துச்சு. நேரம் பத்தல. கதவு மட்டும் போட்டேன். சும்மா விட முடியாதேன்னு அவ ஏதோ எழுதி ஒப்பேத்தினா. நீங்கல்லாம் அதப் பாத்துட்டு அழுவுறீங்க.”

தாடிக்காரனின் கண் பளபளத்தது. தேடி வந்ததைவிடப் பெரிய மீன் மாட்டிக்கொண்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பெரியவள் மேஜைக்குத் திரும்பி வந்து பென்சிலைச் சீவினாள். அன்று முழுக்க அவளுக்குக் கை அவ்வளவு லேசாக இருந்தது.

வீடியோவுக்கு ‘பாசிக்காட்டின் பெரிய பொய்’ என்று தலைப்பு வைத்திருந்தான். ‘ஒப்பேத்தினா’ என்று பெரியவள் சொல்லும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தான். அழுதவர்களுக்கெல்லாம் கோபம் வந்தது. அழவைத்து ஏமாற்றிவிட்டாள் என்று சின்னவளைக் கரித்துக் கொட்டினார்கள். தங்கையைப் பறிகொடுத்த ஒருவர், ‘அந்த நீலக் கதவின் படத்தை என் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். இன்று கழற்றிவிட்டேன்’ என்று எழுதினார். அது ஒன்றுதான் பெரியவளை உறுத்தியது. மற்றதெல்லாம் இனித்தது, இனிக்கிறதே என்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சின்னவள் காய்ச்சல் தேறி வேலைக்கு வந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் மேஜையைச் சுற்றிக் கூடும்போது அவள் மட்டும் டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்கும் தலைவலி என்று வரவில்லை. கொழுந்தன் மட்டும் வந்து, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

முதலாளி கூட்டம் போட்டார். “காலியா இருக்கறதுதானே பிரச்சனை? குடி வச்சிடுவோம். அஞ்சு வீட்டுலயும் ஆள் இருந்தா யாரு செத்தா யாரு பொழச்சான்னு எவனும் கேக்கப்போறதில்ல. சிரிச்ச மொகமா நாலு பேரு இருக்கட்டும்.”

பெரியவள் கூட்டம் முடிவதற்குள்ளேயே பென்சிலை எடுத்துவிட்டாள். கடைசியில் தன் கைக்கு வந்துவிட்டது. நீல வீட்டுக்கு அணில் குடும்பம் வரைந்தாள். அப்பா அணிலுக்கு மூக்குக் கண்ணாடி, அம்மா அணிலின் இடுப்பில் ஒரு குட்டி. மஞ்சளுக்கு நத்தைகள். சிவப்புக்கு மரங்கொத்தி. பச்சைக்கு வண்டுகள், வாசலில் கிடந்த செருப்பை எடுத்துவிட்டு அங்கே பூந்தொட்டி வைத்தாள். வெள்ளை வீட்டில் எலிகள் விருந்து நடத்தின. உள்ளே மேஜை விரிப்பிலிருந்து சுவரில் தொங்கும் கரண்டி வரை தானே வரைந்தாள். அவள் வாழ்நாளில் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான், சந்தேகமே இல்லை. சின்னவளின் வரிகளை எடுத்துவிட்டு, ‘வாங்க வாங்க!’ என்று எல்லாக் கதவுக்கும் பொதுவாக ஒரே வரி வைத்தார்கள்.

புதிய பாசிக்காடு வந்த அன்று பெரியவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்து சிட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சிட்டு வழக்கம்போலத் துணியை எடுத்து நீலக் கதவைத் துடைக்கப் போனாள். கதவு திறந்தது. ‘வாங்க வாங்க!’ என்று அணில் குடும்பம் கையசைத்தது.

சிட்டு திரையருகே குனிந்து பார்த்தாள். “இவங்க யாரு?”

“அணில் வீட்டுக்காரங்க. அழகா இருக்காங்கல்ல? அம்மாதான் வரைஞ்சேன்.”

“அங்க இருந்தவங்க எங்க?”

“இவங்கதான்டி இருந்தவங்க.”

“இல்ல. இவங்க புதுசு.” சிட்டுவின் குரல் மெலிந்துகொண்டே போனது. மஞ்சளைத் திறந்தாள், சிவப்பைத் திறந்தாள். பச்சைக் கதவின் முன் நின்றாள். “செருப்ப யாரும்மா எடுத்தா? தூக்கிப் போட்டுட்டாங்களா?” பெரியவள் பதில் யோசிப்பதற்குள் வெள்ளைக் கதவையும் திறந்துவிட்டாள். எலிகள் கண்ணாடிக் குவளைகளை உயர்த்தி ஆடிக்கொண்டிருந்தன. “அவங்க செத்துப்போன வீட்டுல இவங்க பார்ட்டி பண்றாங்க!” என்று சொல்லிவிட்டு விக்கி விக்கி அழ ஆரம்பித்தாள். அன்று அவளைத் தூங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சிட்டு மட்டும் இல்லை. பெற்றோர்களிடமிருந்து புகார் குவிந்தது. அணில்கள்தான் பழைய ஆட்களைக் கொன்றுவிட்டு வீட்டைப் பிடித்துக்கொண்டன என்று ஒரு பையன் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தானாம். ஒரு குழந்தை, ‘நாம இங்க குடி வர்றதுக்கு முன்னாடி இருந்தவங்க எங்க?’ என்று கேட்டுவிட்டுத் தன் படுக்கையறைக்குள் போக மறுத்ததாம். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“பேய் கேம் போட்டிருந்தாக்கூட இவ்வளவு அழுகை வந்திருக்காது. சிரிச்ச மொகமாத்தானே வரையச் சொன்னேன்?”

“சிரிச்ச மொகமாத்தான் வரைஞ்சிருக்கேன்.”

“அதான் பயமா இருக்கு! போய் உங்க ஓரகத்தியப் பாருங்க. அவங்க ரெண்டு வரி எழுதினா சரியாப்போயிரும்.”

சின்னவள் அந்த வாரம் விடுப்பில் இருந்தாள். பெரியவள் சனிக்கிழமை மாலை அவள் வீட்டுக்குப் போனாள். படி ஏறும்போதே, தான் எதற்காக வந்திருக்கிறோம் என்பது கல்லாகக் கனத்தது. சின்னவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையைச் சோபாவிலிருந்து எடுத்து இடம் பண்ணிக் கொடுத்தாள். டீ வேண்டுமா என்று கேட்டாள். அவள் மரியாதையாக நடந்துகொண்டதே பெரியவளுக்குக் குத்தியது.

“புதுசா வந்த அணிலுக்கெல்லாம் வரி வேணுமாம்” என்றாள் பெரியவள்.

“நான் எழுதலக்கா.”

“முதலாளி சொல்லித்தான் வந்தேன்.”

“தெரியும். நீங்களா வரமாட்டீங்க.” சின்னவள் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். ஆவி எழுந்தது. “அந்த வீடியோவ நான் பாத்தேன்கா. நீங்க சொன்னதெல்லாம் உண்மைதான். நான் இல்லங்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உண்மைங்கறதுக்காகச் சொன்னீங்களா, எனக்கு வலிக்கணும்னு சொன்னீங்களா?”

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேல் அப்படியே நின்றது. பெரியவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி கருகிவிடுமே என்றுகூட நினைத்தாள்.

“வலிக்கணும்னுதான்” என்றாள். “அந்தக் காட்டுல ஒவ்வொரு எலையும் நான் வரைஞ்சது. நான் வரையாம விட்ட எடத்தத்தான் எல்லாரும் கொண்டாடறாங்க. அது எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாது.”

சின்னவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “எனக்குத் தெரியாதுதான்” என்றாள். “ஆனா எனக்குப் பொறாமை தெரியாதுன்னு நெனைக்காதீங்க. உங்க பக்கத்துல உக்காந்து வேல பாக்கறது எப்பிடி இருக்கும்னு நீங்க ஒருநாளும் யோசிச்சதில்ல. ஒரு கோடு போடுவீங்க, நத்தை திரும்பிப் பாக்கும். நான் காளானுக்கு வரி எழுதிட்டு இருப்பேன்.” பிறகு இன்னொரு சட்டையை எடுத்து விரித்தாள். “சமாதானம் சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு இன்னும் கோபம்தான். எழுதித் தர மாட்டேன். உங்க அணிலு, நீங்களே பேச வைங்க.”

பெரியவள் டீயைக் குடிக்காமலே இறங்கி வந்தாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். சின்னவளையா தன்னையா என்று பிரித்துப் பார்க்க முடியாத திட்டு.

மறுநாளே எழுத உட்கார்ந்தாள். ‘நாங்கள் நல்ல அணில்கள்’ என்று எழுதினாள். கொலைகாரன் பேசுவதுபோல இருந்தது. ‘பழையவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள்’ என்று எழுதிப் பார்த்தாள். சிட்டுவிடம் அந்தப் பொய் ஒரு நிமிடம்கூட நிற்காது என்று தெரிந்தது. எழுத்து வரவில்லை என்று பென்சிலைச் சாய்த்து, பழக்கதோஷத்தில் வரைய ஆரம்பித்தாள். அணில் வீட்டின் மூலையில் ஒரு சின்ன நாற்காலி போட்டாள். அணில்களுக்குப் பொருந்தாத உயரம். கால்கள் வேறு விதம்; யாரோ வேறு கையால் செய்தது. அதைத் தட்டித் துடைத்ததுபோல ஒரு மெருகு கொடுத்தாள். அம்மா அணிலை அதில் உட்கார வைத்துப் பார்த்தாள். மனசுக்கு ஒப்பவில்லை. எழுப்பிப் பக்கத்தில் நிற்க வைத்தாள். அப்படி வைத்ததும் அணில் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

‘இந்த நாற்காலி எங்களுடையது இல்லை. நாங்கள் உட்காருவதில்லை. வெயில் வந்தால் மட்டும் ஜன்னலோரம் நகர்த்தி வைப்போம்.’

எழுதிவிட்டுப் பார்த்தபோது அவள் கண் கலங்கியது. சட்டென்று எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். பிறகு மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்று. மரங்கொத்திகள் பழையவர்களின் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடிப் பழகின. செருப்பு வாசலுக்குத் திரும்பி வந்தது. எலிகளின் விருந்தை எடுத்துவிட்டாள். கணினிக்காரன் எல்லாவற்றையும் ஏற்றினான். முதலாளி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அவங்க எழுதிட்டாங்க போல” என்று சொல்லிக்கொண்டே போனார். பெரியவள் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த அறையில் இருந்தார்.

சிட்டு பயந்து பயந்துதான் நீலக் கதவைத் திறந்தாள். வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். அங்கே வெயில் விழுந்தது. அவள் தோள் இறங்கியது; மூச்சு சீரானது.

“சித்தி சரி பண்ணிட்டா” என்றாள்.

பெரியவளுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

இந்தமுறை அழுத பெரியவர்கள் முன்னைவிட அதிகம். தாடிக்காரன்கூட மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டான். ‘நாற்காலி வரி’ என்றால் எல்லாருக்கும் தெரிந்தது. நீலக் கதவைச் சுவரிலிருந்து கழற்றியவர் மறுபடி மாட்டிவிட்டதாக எழுதினார். எல்லாப் பாராட்டும் சின்னவள் பேருக்கே போனது. அவள்தானே கதவுக்கு எழுதுகிறவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னவள் மாமியார் வீட்டுக்கு வந்தாள். கோபம் முழுக்கத் தணிந்த முகம் இல்லை; ஆனாலும் பெரியவளுக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். சாப்பாடு பரிமாறி முடிவதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

“அந்த நாற்காலிய எப்பிடித்தான் யோசிச்சியோ சின்னவளே! படிச்சதுலருந்து எனக்கு மனசே ஆறல.”

“அது நான் இல்லத்தே. அக்கா எழுதினது.”

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள் கணவன் பெருமூச்சு விட்டான். “பாத்தீங்களா? அவ்வளவு நடந்த பிறகும் விட்டுக் குடுக்கறா. பெரிய மனசுதான்.”

“இல்ல மாமா, நெஜமாத்தான். ஒரு வரிகூட நான் எழுதல. நான் எழுத மாட்டேன்னு சொல்லித்தான் அனுப்பினேன்.”

“சரிம்மா, சரி” என்றாள் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உன் தன்னடக்கம் எங்களுக்குத் தெரியாதா?”

கொழுந்தன் பெருமையோடு மனைவியைப் பார்த்தான். சிட்டு வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, “சித்தி பொய் சொல்றா, ஆனா நல்ல பொய்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

சின்னவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவள் பெருமைதான் ஏறிக்கொண்டே போனது. பெரியவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் வலிக்கச் சொன்ன உண்மையை ஊரே நம்பியது. இவள் மனசாரச் சொல்லும் உண்மையை ஒரு மேஜைகூட நம்பவில்லை. அதிலும் இவளுக்குத்தான் பேர். உண்மை சொல்வதில்கூட இவள் தன்னைவிட ஒரு படி மேல் என்று நினைத்தபோது மறுபடி அந்தப் பழைய எரிச்சல் வயிற்றில் மூண்டது. ஆனால் சின்னவளின் முகத்தைப் பார்த்தால் அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது. தனக்குச் சேராத பாராட்டு எவ்வளவு கனமென்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. பெரியவளுக்கு முதலில் லேசாக உதடு துடித்தது. பிறகு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. புரையேறி, இருமி, கண்ணில் நீர் வந்து, கணவன் முதுகில் தட்டும் அளவுக்குச் சிரித்தாள்.

“என்ன ஆச்சு இவளுக்கு?” என்றாள் மாமியார்.

பாத்திரம் தேய்க்கும்போது சமையலறையில் ஓரகத்திகள் இருவர் மட்டும்தான். சின்னவள் தட்டுகளை வாங்கித் துடைத்து அடுக்கினாள்.

“நாளைக்கு நான் முதலாளிகிட்ட நேராப் பேசறேன்கா. அவரு நம்பித்தான் ஆகணும். புது கேம என்னையப் பாத்துக்கச் சொல்லியிருக்காரு. அதுல எழுத்து நீங்க, படம் நான். அப்பவாவது எல்லாருக்கும் புரியும்.”

பெரியவள் கையில் நுரையோடு திரும்பினாள். புது கேமும் இவளிடமா? அந்தச் செய்தி சுரீரென்று தைத்தது. அதை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

“உனக்கு மாடு வரையத் தெரியுமா?”

சின்னவள் யோசித்தாள். “நான் வரைஞ்சா கட்டில் மாதிரி வரும்.”

“அப்ப நீ எழுது” என்றாள் பெரியவள், அடுத்த தட்டை நீட்டியபடி. “ஆனா எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்டக் கேளு. நான் எதையாவது காலியா விட்டா, அது நான் வேணும்னேதான் விட்டிருக்கேனான்னு கேளு.”

“வேணும்னே விடுவீங்களா?”

“இனிமே விடுவேன். உனக்கு மட்டும்தான் அது தெரியுமா?”

சின்னவள் தட்டை வாங்கிக்கொண்டாள். வெளியே மாமியார் யாருக்கோ தொலைபேசியில் நாற்காலி வரியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னாள். பெரியவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதைத் திருத்தப் போனாள்.